லோடா, பெட்டியா: ஜெயராணி அக்கா உடைத்த வட்டம்

“உன்னோடது மொதல்ல ரெடியாவணுமா, என்னோடது மொதல்ல ரெடியாவணுமா? சொல்லு அன்பு, பாக்கலாம்.”

ஜெயராணி அக்கா இதைக் கேட்டபோது நாங்கள் ஒரு தக்காளிக் கிடங்கின் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி நின்றது. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தோம். அதே வரிதான். வெளியே தக்காளி வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் நகத்தைக் கடித்தேன், நாற்காலியை விட்டு எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். எங்காவது புரியாமல் போனால் அது என் எழுத்தின் குறைதான்.

ஜெயராணி அக்காவின் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். அவருடைய அப்பா பெயர் சவரி, தக்காளி போடுகிறவர். அக்கா தருமபுரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மற்றவர்கள் செய்த ஆப்பை வாங்கி, எந்தப் பட்டன் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. “ஆப்ப ஒண்ணு சேத்துக் கட்டறதுக்குன்னு வேற ஒரு டீம் இருக்கும். கட்டறப்ப ஒடஞ்சா அவங்ககிட்ட சொல்லிட்டு நாங்க டீ குடிக்கப் போயிடுவோம்” என்று சிரிப்பார். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். கணவர் ஃபிராங்க்ளின் அண்ணன் இங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

பாலக்கோட்டில் தக்காளி போடுகிற விவசாயிகள் சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியில் அவர்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. வண்டிகள் வந்து லோடு இறக்குவதையும் காலிப் பெட்டிகள் திரும்பிப் போவதையும் ஒரு ஆப்பில் போட வேண்டும் என்று அதன் தலைவர் மாதேஸ்வரன் ஐயா முடிவு செய்தார். அந்த வேலை அக்காவுக்கு வந்தது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மேலே படிக்கப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நான் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பள்ளியில் கொஞ்சம், போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் என்று எனக்குக் கோட் எழுத வரும். அக்கா இரண்டு கேள்வி கேட்டார். அப்புறம், “பாதி நீ எழுது, பாதி நான் எழுதறேன்” என்று வேலையைப் பிரித்துவிட்டார்.

லோடு பகுதி அவருடையது. வண்டி வந்ததும் மொத்த எடையைப் போட்டு, அதில் பெட்டிகளின் எடையைக் கழித்து, தக்காளி எவ்வளவு என்று சொல்லும். பெட்டி பகுதி என்னுடையது. யாருக்கு எத்தனை காலிப் பெட்டி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. காலிப் பெட்டி யாருக்கும் சும்மா கிடைக்காது. எத்தனை பெட்டி தக்காளி இறக்குகிறோமோ அத்தனை காலிப் பெட்டிதான் அதே வண்டியில் திரும்பி ஏறும். ஆகவே என் பகுதிக்கு அக்காவின் லோடு பகுதி தேவை. அக்காவின் பகுதிக்கோ காலிப் பெட்டியின் எடை தேவை. அது என் பகுதியில் இருந்தது.

ஆப் கட்டும்போது எந்தப் பகுதி எதை நம்பியிருக்கிறது என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டு, யாரையும் நம்பாத பகுதியை முதலில் தயார் செய்யும். பிறகு அதை நம்புகிற பகுதி, அப்புறம் அதற்கு மேல் என்று வரிசையாகப் போகும். அக்கா தன் பகுதியில், ‘பெட்டி முதலில் தயாராகட்டும்’ என்று எழுதியிருந்தார். நான் என் பகுதியில், ‘லோடு முதலில் தயாராகட்டும்’ என்று எழுதியிருந்தேன். மற்றதன் இடத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுத் தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டும் நன்றாகவே ஓடின. சேர்த்துக் கட்டிய அன்றைக்குத்தான் சிவப்பு வரி வந்தது. இவை ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்து நிற்கின்றன, எதையும் தொடங்க முடியாது என்பது அதன் பொருள்.

“என்னோட வரிய எடுத்துப் பாக்கட்டாக்கா?” என்றேன்.

எடுத்தோம். பெட்டி உடைந்தது, அதை நம்பியிருந்த லோடும் தயாராகவில்லை. அதைத் திருப்பி வைத்துவிட்டு அக்காவின் வரியை எடுத்தோம். பெட்டியே தயாராகவில்லை, ஏனென்றால் அதற்கு வேண்டிய லோடு உடைந்துபோயிருந்தது.

“நம்ம ரெண்டு பேரும் ஒரே வூட்டு மருமவளுங்க மாதிரி இருக்கோம். நீ அடுப்பு பத்த வெச்சாதான் நான் எந்திரிப்பேன், நான் எந்திரிச்சாதான் நீ பத்த வெப்ப” என்றார் அக்கா.

சிரித்தாரே தவிர அவர் கண் காலண்டர் மேல் இருந்தது. சனிக்கிழமை நிர்வாகக் குழுவுக்கு ஆப்பைக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் அக்காவுக்கு இங்கேயே மாதச் சம்பளத்தில் வேலை. பிடிக்கவில்லையென்றால் பழைய பெங்களூர் கம்பெனி அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் அக்கா ஹாஸ்டலில், பாப்பா இங்கே தன் அப்பாவிடம். ஃபிராங்க்ளின் அண்ணன் பாப்பாவுக்குத் தலை பின்னப் பழகிக்கொண்டிருந்தார். அதை அக்கா சொன்னபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. “எனக்கு உன் பகுதியில இருந்து வேண்டியது பெட்டி எடை மட்டும்தான? அத நகல் எடுத்து எங்கிட்டயே வெச்சுக்கறேன். அப்பறம் உன் தயவு எனக்கு எதுக்கு?”

நகல் எடுத்தார். தன்னுடைய வரியை நீக்கினார். கட்டும்படி உத்தரவு கொடுத்தார். திரையில் பச்சை எழுத்து வந்தது! நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. பெட்டிக் களத்தைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜ் அண்ணன். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள்.

“என்னாங்க இது, பாம்பு வந்துச்சா? இல்ல வேல ஆயித்தா?”

“ஆயித்து, ஆயித்து!” என்றேன். மூன்று பேரும் கடைக்குப் போய் போண்டா சாப்பிட்டோம்.

மறுநாள் நிஜ வண்டிகளை வைத்துச் சோதித்தோம். காலையில் எல்லாம் சரியாகப் போனது. பிறகு முனியம்மாள் என்ற விவசாயி, ஆப் அச்சடித்துக் கொடுத்த லோடு சீட்டையும் பெட்டி சீட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, இந்த மிஷினு கண்ணு தெரியாததா? ஒரே வண்டி, ஒரே தக்காளி. லோடு சீட்டுல பெட்டி எட ஒண்ணு போட்டுருக்குது, பெட்டி சீட்டுல வேற எட போட்டுருக்குது. எம் பையன் படிச்சுச் சொல்றான். எதத்தான் நம்பறது?”

நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த வாரம்தான் கிடங்குக்குப் புதிதாக நீலப் பெட்டிகள் வந்திருந்தன. பழைய பச்சைப் பெட்டியைவிட அவை கனம். முனிராஜ் அண்ணன் அன்றைக்குக் காலையில் புது எடையைப் பெட்டித் திரையில் சரியாகத்தான் பதிந்திருந்தார். ஆனால் அக்கா எடுத்து வைத்திருந்த நகலுக்கு அது போய்ச் சேரவில்லை. லோடு பகுதி எல்லாப் பெட்டியையும் பச்சைப் பெட்டியாகவே நினைத்துக் கழித்துக்கொண்டிருந்தது.

அக்கா முனியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, கையால் கணக்குப் போட்டு வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, “நாளான்னைக்கு மறுபடி பறிச்சுக்கிட்டு வருவேன். அன்னைக்கும் இப்பிடி ரெண்டு நாக்கு பேசுச்சுன்னா, மாதேசன்கிட்ட சொல்லி இந்த மிஷினத் தூக்கி வெளிய போடச் சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளை மறுநாள் என்றால் சனிக்கிழமை.

“இன்னொரு நகல் எடுத்துக்கலாங்க்கா, நீலத்துக்கு” என்றேன்.

“அடுத்த வாரம் செவப்புப் பெட்டி வரும். அதுக்கு ஒண்ணா? ஒரே சேதி ரெண்டு எடத்துல இருந்தா ஒரு நாளைக்கு ஒண்ணு பொய் சொல்லும்டி” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது. போனை எடுத்து ஃபிராங்க்ளின் அண்ணனை அழைத்து, “என்னோட துணியத் தனியா எடுத்து வெச்சுடுங்க, எதுக்கும்” என்றார். அவர் ஏதோ கேட்டார். “இல்ல, இன்னும் ஒண்ணும் முடியல” என்று வைத்துவிட்டார்.

நான் நகலை நீக்கிவிட்டு அக்காவின் பழைய வரியைத் திரும்பப் போட்டேன். சிவப்பு வரி திரும்ப வந்து நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து களத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“முனிராஜு, ஒரு சந்தேகம். லோடு கொண்டாந்தாத்தான் காலிப் பெட்டி தருவ. சரி. பெட்டி இருந்தாத்தான் லோடே கட்டிக் கொண்டார முடியும். அப்ப புதுசா வர்ற ஆளு மொத லோடு எதுல கொண்டாருவாரு? மடியில கட்டிக்கிட்டா?”

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த முனிராஜ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏங்க, நீங்களும் இந்த ஊருதான? பேரு பதிஞ்சுட்டா மொத தடவ சும்மா தருவோம். பச்சையா நீலமான்னு அப்பவே பதிஞ்சுக்குவோம். வேல செய்ய வுடுங்க.”

அக்கா என் தோளைப் பிடித்தார். பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

“அன்பு! நாம எல்லார்கிட்டயும் தினமும் என்னா நடக்குதுன்னு கேட்டோம். மொத நாளு என்னா நடந்துச்சுன்னு கேக்கவே இல்ல!”

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிடங்கில் எல்லோரும் பழைய ஆட்கள். லோடு, பெட்டி, லோடு, பெட்டி என்றுதான் பேசுவார்கள். அவர்கள் பேச்சை அப்படியே கேட்டு நாங்களும் வட்டமாகவே எழுதிவிட்டோம். லோடுக்கும் முன்னால், பெட்டிக்கும் முன்னால் பதிவு என்று ஒன்று இருக்கிறது. விவசாயியின் பெயர், என்னென்ன பெட்டி உண்டு, அவற்றின் எடை என்ன, எல்லாம் அதற்குச் சொந்தம். பதிவுக்கு லோடும் தெரிய வேண்டாம், பெட்டிக் கணக்கும் தெரிய வேண்டாம்.

மின்விசிறி ஓடாத எங்கள் அறைக்கு நாங்கள் ஓடியே வந்தோம். பதிவு என்று மூன்றாவது பகுதி ஒன்றைத் தொடங்கினோம். என்னிடமிருந்த பெட்டி எடையை வெட்டி அங்கே வைத்தேன். லோடு தனக்கு வேண்டியதற்குப் பதிவைப் பார்க்கும். பெட்டி பதிவையும் பார்க்கும், லோடையும் பார்க்கும். லோடு பெட்டியைத் திரும்பிப் பார்க்கவே பார்க்காது. அக்கா அந்தப் பழைய வரியை நீக்கிவிட்டு உத்தரவு கொடுத்தார். பச்சை வந்தது. இந்த முறை நாங்கள் கத்தவில்லை. முதலில் நீலப் பெட்டியின் எடையைப் பதிவில் ஒரே ஓர் இடத்தில் மாற்றிப் பார்த்தோம். இரண்டு சீட்டிலும் ஒரே எடை மாறி வந்தது. அதற்கப்புறம்தான் கத்தினோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாதேஸ்வரன் ஐயா எட்டிப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. பேரு பதிஞ்ச ஒடனே விவசாயி போனுக்கு ஒரு மெசேஜ் போவணும். லோடு எறக்கனா அதுக்கும் ஒண்ணு போவணும். அது இல்லாம காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே பைக்கை எடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும், மறுநாள் காலையிலும் உட்கார்ந்து செய்தி என்ற நான்காவது பகுதியை எழுதினோம். குழு கூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் சேர்த்துக் கட்டினால், சிவப்பு! இந்த முறை வரி நீளமாக இருந்தது. பதிவு செய்தியைப் பார்க்கிறது, செய்தி எடைக்காக லோடைப் பார்க்கிறது, லோடு பதிவைப் பார்க்கிறது. எந்த இரண்டு பேருக்கும் நேராகச் சண்டை இல்லை. மூன்று பேர் கைகோத்து நின்றுகொண்டு வட்டம் போட்டிருந்தார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்காவுக்கோ கண்ணில் ஒரு வெளிச்சம். “வந்துட்டியாடா ராசா” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு தாளிலும் ஒரு பகுதியின் பெயரை எழுதி, களத்துக்கு எடுத்துப் போய், காலிப் பெட்டிகள் மேல் ஒட்டினார். அடியில் பதிவு. அதன் மேல் லோடு. அதன் மேல் பெட்டியும் செய்தியும். எல்லாவற்றுக்கும் உச்சியில், ஆட்கள் தொட்டு வேலை செய்யும் கவுண்டர் திரை.

“எம் பெட்டிய எடுத்து என்னாங்க கட்டறீங்க? கோயிலா, சர்ச்சா?” என்றார் முனிராஜ் அண்ணன்.

“ரெண்டும் இல்ல. சும்மா இரு. அன்பு, இங்க பாரு. மேல இருக்கறது கீழ இருக்கறதப் பாக்கலாம். கீழ இருக்கறது தல நிமிந்து மேல பாக்கக் கூடாது. இப்ப எவன் மேல பாக்கறான்?”

“பதிவு!” என்றேன். “அடியில ஒக்காந்துகிட்டு மேல இருக்கற செய்தியக் கூப்படறான்.”

“அவன் எதுக்குக் கூப்படறான்?”

“பேரு பதிஞ்சதும் மெசேஜ் அனுப்பச் சொல்றதுக்கு.”

“அத அவனே சொல்லணுமா?”

நான் உச்சிப் பெட்டியைத் தட்டினேன். கவுண்டர் திரைக்கு எல்லோரையும் தெரியும். பெயரைப் பதியச் சொல்வதே அதுதான். பதிவு வேலையை முடித்ததும், செய்தியை அனுப்பச் சொல்வதையும் அதுவே செய்துவிட்டுப் போகட்டுமே! பதிவு வாயை மூடிக்கொண்டு பதியட்டும்.

நான் அறைக்கு ஓடினேன். பதிவிலிருந்து அந்த அழைப்பை எடுத்து கவுண்டருக்கு மாற்றினேன். பதிவுக்குச் செய்தி வேண்டும் என்ற வரியை அக்கா நீக்கினார். வெளியே குழுவினரின் பைக்குகள் வந்து நிற்கும் சத்தம். அக்கா அழுத்தினார். ஒவ்வொரு பகுதியின் பெயராகத் திரையில் வந்தது: பதிவு, லோடு, பெட்டி, செய்தி, கவுண்டர். களத்தில் அடுக்கியிருந்த அதே வரிசை! பச்சை!

மாதேஸ்வரன் ஐயாவும் குழுவினரும் அறைக்குள் வந்து நின்றார்கள். அக்கா கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. “புதுசா ஒரு லோடு வரட்டும், அதுலயே காட்டறேங்க” என்றார். சொல்லி முடிப்பதற்குள் முனியம்மாளின் வண்டி உள்ளே நுழைந்தது. பச்சைப் பெட்டி பாதி, நீலப் பெட்டி பாதி.

“எங்க, இன்னைக்கு எத்தன நாக்கு அதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் அந்த அம்மாள்.

முனிராஜ் அண்ணன் எடை போட்டார். கவுண்டரில் நான் தட்டினேன். இரண்டு சீட்டும் வந்தன. முனியம்மாள் அவற்றை மகனிடம் கொடுத்தார். அவன் ஒன்றைப் படித்தான். இன்னொன்றைப் படித்தான். அதற்குள் அந்த அம்மாளின் இடுப்பில் போன் ஒலித்தது.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. போன்லயும் அதேதான் வந்துருக்குது” என்றான் மகன்.

முனியம்மாள் மாதேஸ்வரன் ஐயாவைப் பார்த்தார். “மாதேசா, இந்தப் பொண்ணுங்கள வுட்டுடாத. அப்பறம் நீதான் கையில எழுதணும்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குழுவினர் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை, களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நான் திரும்பி வந்தபோது மாதேஸ்வரன் ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்: “இந்த சீசன் முழுக்க இதுலயே போடலாம். திங்கக்கெழமையில இருந்து உங்களுக்குச் சம்பளம். அந்தப் பொண்ணுக்குந்தான். பீன்ஸ் வரத்துக்கும் இதே மாதிரி வேணும், இப்பவே சொல்லிட்டேன்.”

அக்கா சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். அவர்கள் போனதும் களத்தின் ஓரத்துக்குப் போய் பெங்களூருக்கு அழைத்தார். நான் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். “நான் வரலீங்க சார். இல்லீங்க, சம்பளத்துக்காக இல்ல. எனக்கு ஊர்லயே வேல கெடச்சுடுச்சு. ஆமாங்க, இதே வேலதான். இப்ப கட்டறதும் நானேதான்.”

அதை அவர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார் என்பதை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. அடுத்து ஃபிராங்க்ளின் அண்ணனை அழைத்தார். “எடுத்து வெச்ச துணியெல்லாம் திரும்ப அடுக்குங்க” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் வேனில் இருந்த பிள்ளைகள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர்களுக்கு என்ன புரிந்ததோ, கூடவே ஹாரனும் கேட்டது; அண்ணன்தான் சந்தோஷத்தில் அடித்துவிட்டார் போலிருக்கிறது.

இப்போது பீன்ஸ் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் வரி எழுதுவதற்கு முன்னால் களத்துக்குப் போய்ப் பெட்டிகளை அடுக்கிவிட்டுத்தான் வந்து உட்காருகிறோம். முனிராஜ் அண்ணன் அதற்கென்றே உடைந்த பெட்டிகள் கொஞ்சம் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். நல்ல பெட்டியைத் தொட்டால் திட்டுவார்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கம்பைநல்லூரில், அரூரில், பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு பெங்களூர் பஸ் ஏறுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற யாராவது ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையென்றால், சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு, நமக்கு இது வராது என்று லேப்டாப்பை மூடப் போகிற ஒரு தம்பியையோ தங்கையையோ தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் படித்து முடித்ததும், இன்னொருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.